மேற்கோள் போடுவது டி.டி.பி. கடை வேலை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கல்லூரி ஆய்வேடுகளில் திருட்டு பெருகிவிட்டது, "வெட்டி ஒட்டித் தரும் டி.டி.பி. கடைகளைப் பூட்டினாலே பாதி குறையும்" என்று எழுதியிருந்தார். உதகையில் சேரிங்கிராஸிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வரும் அப்படிப்பட்ட ஒரு கடையின் சொந்தக்காரி நான். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, மெஷினில் தொடங்கி, கணினிக்கு மாறியவள். ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்பைரல், கெட்டி அட்டை பைண்டிங், அட்டைமேல் தங்க எழுத்து எல்லாம் உண்டு.

ஐயா சொன்னதில் ஒரு பங்கு உண்மை. காசு வாங்கிக்கொண்டு முழு ப்ராஜெக்டையே தயார் செய்து கையில் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. எங்கள் மலையிலும் உண்டு, அவர் ஊரிலும் இருக்கும். அவற்றைப் பூட்டுவதாக இருந்தால் பூட்டு நான் வாங்கித் தருகிறேன். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் விஷயத்தில், என் கடைப் படி ஏறுவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஊட்டிக்கு மே மாதம் சீசன் என்றால் எனக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும். முதுகலை ப்ராஜெக்ட், பி.எட். பதிவேடுகள், அவ்வப்போது முனைவர் பட்ட ஆய்வேடு. மஞ்சூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். பென் டிரைவ் காலம் போய் இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. கோப்பைத் திறந்ததுமே எது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுத்துக்குப் பின்னால் லேசாகச் சாம்பல் நிறம் படிந்திருக்கும். நடுநடுவே நீல நிறத்தில் அடிக்கோடிட்ட சொற்கள். சதுர அடைப்புக்குள் 7, 8, 12 என்று எண்கள் நிற்கும். அந்த எண்களுக்குரிய பட்டியல் கடைசிப் பக்கம்வரை தேடினாலும் கிடைக்காது. தலைகுந்தா பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் ஆய்வேட்டில், அவள் ஊரைப் பற்றிய இயலின் நடுவில், "இங்கு வருவோர் கம்பளி ஆடைகளை உடன் எடுத்து வருவது நல்லது" என்று ஒரு வரி. சுற்றுலாப் பக்கம் ஒன்றிலிருந்து மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறது. படித்துப் பார்த்திருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

நன்றியுரையைக்கூட விடுவதில்லை. முந்தைய வருடத்து அக்கா ஒருத்தியின் ஆய்வேட்டை மாதிரியாக வைத்துக்கொள்வார்கள், பெயரை மட்டும் மாற்றுவார்கள். கல்யாணமே ஆகாத ஒரு பிள்ளை, "இரவு பகல் பாராமல் துணைநின்ற என் கணவருக்கும் குழந்தைகளுக்கும்" நன்றி சொல்லியிருந்தது. அச்சுக்குப் போகும் முன் கூப்பிட்டுக் காட்டினேன்.

இவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் கைடில் உள்ள விடையை ஒரு புள்ளி மாறாமல் எழுதியவர்களுக்குத்தான் முழு மதிப்பெண். சொந்த வாக்கியத்தில் எழுதிய பிள்ளைக்கு "புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்று சிவப்பு மையில் குறிப்பு. கல்லூரிக்கு வந்த மூன்றாம் வருடம் திடீரென்று அதையே குற்றம் என்கிறோம். நடுவில் யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா என்றால், நான் கேட்டவரைக்கும் இல்லை.

"அக்கா, எப்படியாவது பத்துக்குள்ள கொண்டுவந்து குடுத்துடுங்க." என் கடையில் இப்போது அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான், ஏதோ சர்க்கரை அளவைக் குறைக்கச் சொல்வதுபோல. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட ஆய்வுத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறையை அச்செடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அதையே எடுத்துப் படித்துக் காட்டுகிறேன். ஆய்வேட்டில் ஒற்றுமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதில் முதல் வரியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அதற்குக் கீழே உள்ளதை யாரும் படிப்பதில்லை. உரியவர் பெயரைச் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பிரிவுகள், பொதுவான கலைச்சொற்கள் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர் என்றால் 14 சொற்கள் வரை விட்டுவிடலாம். ஆகவே மேற்கோள் அதிகம் போட்டால் சதவீதம் ஏறிவிடும் என்று பயந்து, மேற்கோள் குறியை எடுத்துவிட்டுத் தன் வாக்கியமாக்கிக் கொள்வது எவ்வளவு பெரிய தலைகீழ் வேலை பாருங்கள். இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவற்றில் ஒற்றுமையே இருக்கக் கூடாது. இருநூறு பக்க ஆய்வேட்டில் முடிவுரையின் ஒரு பக்கம் இன்னொருவருடையது என்றால் அது அரை சதவீதம்தான். மென்பொருள் பச்சை விளக்கு காட்டும். ஆய்வின் உயிரே அந்த ஒரு பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது?

பத்துக்குள் கொண்டுவர ஊரில் நடக்கும் வித்தைகள் பல. "பழங்குடி மக்களின் வாழ்வாதாரம்" என்றிருந்ததை "தொல்குடி மாந்தரின் உயிர் நிலைக்கலம்" ஆக்கிய ஒரு கோப்பு எனக்கு வந்தது. சொல் மாறிவிட்டது, அர்த்தமும் மாறிவிட்டது, திருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. பத்தியைப் படமாக்கி ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. மாட்டேன் என்றால் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் 'சோத்சுத்தி' திட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தருகிறது. நல்ல காரியம். ஆனால் தமிழ் ஆய்வேட்டுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது நம் கண்ணுக்குத்தான் தமிழ். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கூளம். கணினிக்கு அந்தக் கூளம்தான் தெரியும். எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடு முறையை 2010-லேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியில் கோப்பு வருகிறது. ஆங்கில நூலின் இருபது பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கி வைத்தாலும் எதனோடும் ஒத்துப்போகாது. தமிழ்த் துறையில் "இரண்டு சதவீதம்தான்" என்று பெருமையாகச் சான்றிதழ் ஒட்டுகிறார்கள். அந்த இரண்டு எதை நிரூபிக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்டு வாங்கிய கட்டுரை, அதன் கீழே அதுவே தந்த நூற்பட்டியல். ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். சந்தேகம் வந்து நூலகப் பட்டியல்களில் தேடினால் அப்படி ஒரு நூலே வெளிவந்ததில்லை. முன்பெல்லாம் இருக்கிற புத்தகத்தின் பெயரை மறைத்தார்கள். இப்போது இல்லாத புத்தகத்தின் பெயரைப் போடுகிறார்கள். இதைப் பிடிக்க மென்பொருள் வேண்டாம். பட்டியலில் மூன்று நூல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வை, 62-ஆம் பக்கத்தைக் காட்டு என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு முறை கேட்டால் போதும்.

பேராசிரியர் ஐயா திருட்டைப் பற்றி மட்டும் எழுதினார். யாரும் எதையும் திருடாமலே பொய்ச்சான்று உருவாகும் இடம் ஒன்று உண்டு. அதைத் தினமும் பார்ப்பவள் என்ற முறையில் சொல்ல வேண்டும். வடிவமைப்பு என்றால் ஓரமும் வரி இடைவெளியும்தான் என்று நினைக்கிறார்கள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடாவிட்டால் பைண்டிங்கில் எழுத்து உள்ளே போய்விடும். அதை நான் பார்த்துக்கொள்வேன். என்னால் பார்த்துக்கொள்ள முடியாதது, மேலே சொன்ன அதே நூல் என்று பொருள்படும் 'மேலது'. தமிழ் ஆய்வேடுகளில் அடிக்குறிப்பு முழுக்க இந்தச் சொல்தான். 14-ஆம் குறிப்பில் நூலின் முழு விவரம், 15-இல் "மேலது, ப. 62", 16-இல் "மேலது, ப. 70". கடைசி வாரத்தில் வழிகாட்டி, நடுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்வார். புதிய பத்தியோடு புதிய நூல் ஒன்று 14-க்கும் 15-க்கும் நடுவில் நுழையும். அவ்வளவுதான், கீழே உள்ள மேலது எல்லாம் புதிய நூலைக் காட்டத் தொடங்கிவிடும். அந்த நூலுக்கு மொத்தமே 48 பக்கமாக இருக்கும். 70-ஆம் பக்கத்துக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு எண்ணைக் கையால் அடித்து மேலே தூக்கி வைத்திருப்பார்கள். வேர்டில் அடிக்குறிப்பு நுழைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் எண் தானாக நகரும். மேலதுவை மட்டும் எந்த மென்பொருளும் நகர்த்தாது. வேலை முடியும்வரை மேலதுவே போடாதீர்கள், ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

பெயர் விவகாரம் இன்னொன்று. வெளிநாட்டு முறைகள் குடும்பப் பெயரை முதலில் கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்துதான் உண்டு. ஒரே நூற்பட்டியலில் உ.வே.சாமிநாதையர் 'உ' வரிசையில் ஒரு தடவை, 'சா' வரிசையில் ஒரு தடவை வருவார், இரண்டு பேர் போல. மேற்கோள் போடும் வெளிநாட்டு முறைகளில் ஒரு வழிகாட்டி எம்.எல்.ஏ. முறை என்பார், மற்றவர் ஏ.பி.ஏ. என்பார், எந்தப் பதிப்பு என்று இருவரும் சொல்வதில்லை. எம்.எல்.ஏ. 2021-இல் 9-ஆம் பதிப்புக்கு வந்துவிட்டது, ஏ.பி.ஏ. 7-இல் இருக்கிறது. பிள்ளைகள் கையில் இருப்பது எப்போதோ யாரோ ஜெராக்ஸ் எடுத்த இரண்டு பக்கம். பழைய இலக்கியத்துக்கு இந்த இரண்டையும் அப்படியே பொருத்தினால் "தொல்காப்பியம், 2003" என்று நிற்கும், தொல்காப்பியர் இருபது வருடம் முன்பு எழுதியதுபோல. குறளுக்குக் குறள் எண், புறநானூற்றுக்குப் பாட்டெண், தொல்காப்பியத்துக்கு அதிகாரமும் இயலும் நூற்பா எண்ணும் போட்டால் எந்தப் பதிப்பிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். உரையை எடுத்தாண்டால்தான் யார் உரை, எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்ற கேள்வி வரும். இதைச் சொல்ல ஒரு வகுப்புக்கூட வேண்டாம், பாதி வகுப்பு போதும்.

நீலகிரியைப் பற்றி எழுதும் பிள்ளைகள் எல்லோரும் ரிவர்ஸ், தர்ஸ்டன், கிரிக், பிரான்சிஸ் என்று நாலு வெள்ளைக்காரர் பெயரைப் பட்டியலில் போடுவார்கள். கிரிக்கின் மாவட்டக் கையேடு 1880, தோடர் பழங்குடியைப் பற்றிய ரிவர்ஸின் நூல் 1906, பிரான்சிஸின் கெசட்டியர் 1908, தர்ஸ்டனின் ஏழு தொகுதி 1909. நூல்களைப் பார்த்திருக்கிறாயா என்றால் இல்லை. பார்த்தது அவர்களை மேற்கோள் காட்டிய ஒரு தமிழ் நூல். அப்படியென்றால் ரிவர்ஸ் சொன்னதாக இன்னார் எழுதிய நூலில் இத்தனையாம் பக்கம் என்று எழுது, அதில் கேவலம் ஒன்றும் இல்லையே? அந்தத் தமிழ் நூல்காரர் தப்பாக எடுத்திருந்தால் தப்பு அவரோடு நிற்கும், உன் தலையில் ஏறாது. அதைவிட, இந்தப் பழைய நூல்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. போனில் வீடியோ பார்க்கும் நேரத்தில் திறந்து பார்த்துவிடலாம்.

மலை ரயிலைப் பற்றி எழுதுபவர்கள் ஒருவர் 1899 என்பார், ஒருவர் 1908 என்பார். இரண்டும் சரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899, உதகை வரை 1908. எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி இருந்தால் ஒரு நிமிடத்தில் தெளியும் விஷயம், அது இல்லாததால் வாய்மொழித் தேர்வில் பிள்ளை முழிக்கிறது. உதகை நீலகிரியின் தலைநகர் என்பதற்குச் சான்று கேட்க யாரும் வரமாட்டார்கள். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் என்பதற்கும் வேண்டாம். 2018-இல் எந்தச் சரிவில் எவ்வளவு பூத்தது என்று எழுதினால் வேண்டும். இந்த வித்தியாசத்தையும் யாராவது சொல்லித்தர வேண்டும்தானே?

கோத்தகிரிப் பக்கம் படகர் ஊரான ஒரு ஹட்டியிலிருந்து வந்த பையனை மறக்க முடியவில்லை. ஹெத்தையம்மன் பண்டிகையைப் பற்றி அவன் ப்ராஜெக்ட். பண்டிகைக்கு முன் வீட்டில் என்னென்ன செய்வார்கள், யார் எதைத் தொடக் கூடாது என்றெல்லாம் நாலைந்து பக்கம் அருமையாக எழுதியிருந்தான். அதன் கீழே அடிக்குறிப்பு, வெளிநாட்டு அறிஞர் ஒருவரின் ஆங்கில நூல். படித்தாயா தம்பி என்றேன். "இல்லக்கா, இதெல்லாம் எங்க பாட்டி சொன்னது. பாட்டி சொன்னது சான்றாகுமாக்கா? சார் புத்தகம் வேணும்னாரு." அவன் பாட்டி சொன்னதை அவன் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான். கேட்க வைத்தான், முக்கால் மணி நேரம். அதைவிடப் பெரிய சான்று அந்த நாலு பக்கத்துக்கு என்ன இருக்க முடியும்? பாட்டியின் பெயர், வயது, ஹட்டியின் பெயர், பேசிய தேதி. பேட்டியைச் சான்றாகக் காட்ட எல்லா முறைகளிலும் வழி இருக்கிறது. பாட்டியிடம் பெயர் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள், வேண்டாம் என்றால் பெயர் வெளியிட விரும்பாதவர் என்று எழுது, என்றேன். மறுநாள் போன் செய்து, "போடச் சொல்லிட்டாங்கக்கா, தாத்தா பேரையும் சேர்த்துப் போடணுமாம்" என்றான்.

எங்கள் மலையில் ஆய்வுக்கு மூலம் பெரும்பாலும் மனிதர்கள்தான். தோடர் மந்துகளிலும் படகர் ஹட்டிகளிலும் குறும்பர் ஊர்களிலும் போய் உட்கார்ந்து, தேநீரும் குடித்துவிட்டு, பாட்டையும் மருந்தையும் கேட்டு எழுதிவந்து, "ஒரு மூதாட்டி கூறினார்" என்று முடித்துவிடுகிறார்கள். அதே பக்கத்தில் புத்தகம் எழுதியவருக்கு மட்டும் பெயர், ஊர், ஆண்டு, பதிப்பு எல்லாம் உண்டு. 1906-இல் ரிவர்ஸ் தோடர் குடும்பங்களின் வம்சாவளியை அட்டவணை அட்டவணையாக, ஆள் பெயரோடு அச்சிட்டார். ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களைப் பதிப்பின் முகவுரையில் பெயர் சொல்லிக் குறித்து வைத்தவர் சாமிநாதையர். மென்பொருள் ஒருபோதும் பிடிக்காத திருட்டு இந்த மூதாட்டி விவகாரம்தான். ஒற்றுமை பூஜ்யம் காட்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019 முடிவில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றி 30 மணி நேரப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. பி.ஏ., எம்.ஏ. ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்கு அது இல்லை, அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். முப்பது மணி நேரம் நான் கேட்கவில்லை. ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் அன்றைக்கே இரண்டு மணி நேரம் கொடுங்கள். தமிழில். கையில் ஒரு நூலைக் கொடுத்து, ஒரு பத்தியைப் படிக்க வைத்து, நூலை மூடச் சொல்லி, புரிந்ததை எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்குக் கீழே ஆசிரியர், நூல், பதிப்பு, பக்கம். குறிப்பு எடுக்கும் நோட்டில் அந்த நாலும் அன்றைக்கே ஏறிவிட்டால் ஏப்ரலில் என் கடையில் அழுகை இருக்காது. ஏப்ரலில் வந்து, "அக்கா, இந்தப் பத்தி எந்த புக்குல எடுத்தேன்னு ஞாபகமே இல்ல, நீங்களே ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் எதைப் போடுவது? ஒவ்வொரு பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் பெயர் வரிசை, பழைய இலக்கியம், பேட்டி, இணையப் பக்கம் எல்லாவற்றுக்கும் மாதிரி காட்டி இரண்டு தாள் போட்டுக் கொடுத்தால் நானே இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

என் பெயரைப் பிரசுரிக்க வேண்டாம். மேற்கோளைப் பற்றி எழுதிவிட்டுப் பெயர் வேண்டாம் என்கிறாளே என்று பேராசிரியர் ஐயா சிரிக்கலாம். பெயர் வந்தால் கடை தெரியும், கடை தெரிந்தால் அந்தக் கம்பளி ஆடைப் பெண் யாரென்று தெரிந்துவிடும்.

கடைசியாக உங்களுக்கும் ஒன்று. உங்கள் ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டப் படம் ஒன்றைப் போட்டு, கீழே "நன்றி: இணையம்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை நேற்றுக் கடைக்கு வந்து, "பேப்பர்லயே இப்படித்தான் போடுறாங்க அக்கா, எனக்கும் இப்படியே போட்டுடுங்க" என்றது. படம் எடுத்தவர் யார் என்று விசாரித்து அடுத்த வாரம் போட்டீர்களானால், அந்தப் பக்கத்தையும் வெட்டி ஆணியில் மாட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
உதகமண்டலம்.